விட்டுவிடுவதா, படுக்கவைப்பதா, ஏற்றிக்கொண்டு போவதா?

கென்யாவின் சாவோ காட்டில் ஒரு காலைப் பொழுது என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்புக்குப் போன சிறு விமானத்திலிருந்து தகவல் வருகிறது: தனியாக ஓர் ஆண் யானை, முன்னங்காலை ஊன்றாமல் நிற்கிறது, கால் வீங்கியிருக்கிறது. சாவோவில் இப்படித் தகவல் வருவது அபூர்வமில்லை. அதைக் கேட்ட கால்நடை மருத்துவருக்கு முன்னால் இருப்பவை நான்கு வழிகள். அப்படியே விட்டுவிடலாம். மயக்க ஊசி போட்டு, நிற்கிற இடத்திலேயே வைத்தியம் பார்த்து எழுப்பிவிடலாம். பட்டிக்கோ சிகிச்சை நிலையத்துக்கோ ஏற்றிக்கொண்டு போகலாம். அல்லது சுட்டு, வேதனையை முடித்துவிடலாம்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் காயத்தின் அளவிலேயே நின்றுவிடுகிறோம். படத்தைப் பார்க்கிறோம், சதை பிளந்திருக்கிறது, உடனே ஏதாவது செய்யுங்கள் என்கிறோம். அந்தப் பதைப்பு எனக்கும் உண்டு. ஆனால் ஆப்பிரிக்கக் காடுகளில் வேலை செய்யும் மருத்துவர்களின் அனுபவங்களைத் தொடர்ந்து படித்துவந்ததில் என் கணக்கு கொஞ்சம் மாறிவிட்டது. காயம் எவ்வளவு பெரிது என்பதைவிட, இந்த விலங்கை எத்தனை முறை படுக்கவைக்க வேண்டியிருக்கும் என்ற கேள்விதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரு முறையோடு முடியும் என்றால் ஒரு வழி. நான்கைந்து முறை என்றால் வேறு வழி. படுக்கவைப்பதே காயத்தைவிட ஆபத்து என்றால் இன்னொரு வழி. ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், படுக்கவைப்பது என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம்.

யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் போடும் மருந்து எட்டோர்ஃபின். களத்தில் எம்99 என்ற பழைய பெயரும் புழங்குகிறது. மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியமுள்ளது. 1960-களில் இது வருவதற்கு முன், தசைகளை மட்டும் செயலிழக்க வைக்கும் மருந்துகளைத்தான் பயன்படுத்திவந்தார்கள். விலங்குக்கு நினைவு இருக்கும், உடம்பு அசையாது. அளவு கொஞ்சம் கூடினாலும் மூச்சு நின்றுவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பேராசிரியராக இருந்த கால்நடை மருத்துவர் டோனி ஹார்தூர்ன், எம்99-ஐக் காட்டு விலங்குகளுக்குப் போட்டுப் பழக்கியதில் முன்னோடி. தென்னாப்பிரிக்காவின் உம்ஃபொலோசி காப்பகத்தில் வனக் காப்பாளர் இயன் பிளேயரின் குழு வெள்ளைக் காண்டாமிருகங்களைப் பிடித்துப் பிற காடுகளுக்கு அனுப்பி அந்த இனத்தைப் பரப்பியதும் இந்த மருந்தின் துணையோடுதான்.

வளர்ந்த ஆண் யானையைச் சாய்க்க ஏறக்குறைய 15 மில்லிகிராம் போதும். அவ்வளவு வீரியமான மருந்து மருத்துவரின் கைக் கீறலில் பட்டால் அவர் உயிரே போகலாம். அதனால் அதன் வேலையை முறிக்கும், மனிதருக்கான மாற்று மருந்தை முதலில் எடுத்து வைத்து, எனக்கு ஏதாவது ஆனால் இதை இப்படிப் போடு என்று உதவியாளருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் ஊசியில் மருந்தை ஏற்றுவார்கள்.

ஊசி தைத்த பிறகு யானை சாய ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் அது எங்கே போகும் என்பதுதான் பெரிய கவலை. தண்ணீருக்குள் போய் விழுந்தால் மூழ்கும். சரிவில் விழுந்தால் உருளும். நெஞ்சை ஊன்றி உட்கார்ந்த வாக்கில் விழுந்தால் இன்னொரு ஆபத்து. மற்ற பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. யானைக்கு அது இல்லை. நுரையீரல் சுவரோடு திசுவால் ஒட்டியிருக்கும். நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு. அத்தனை டன் எடையும் நெஞ்சின் மேல் அமர்ந்துவிட்டால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். கயிறு கட்டி, வண்டியால் இழுத்தாவது பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். சாய்ந்ததும் ஒருவர் ஓடிப்போய்த் தும்பிக்கை நுனியில் சிறு குச்சி ஒன்றை வைத்துத் துவாரம் மூடாமல் பார்த்துக்கொள்வார். காதை மடித்துக் கண்மேல் போட்டு வெயில் படாமல் மறைப்பார். இன்னொருவர் காதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார், உடம்பு சூடேறாமல் இருக்க. குடும்பத்தோடு இருக்கும் பெண் யானை என்றால் மற்ற யானைகள் சுற்றி நின்று தூக்கப் பார்க்கும். அவற்றை வண்டிகளாலோ ஹெலிகாப்டராலோ விலக்கி வைக்க வேண்டும்.

எழுப்புவது இதைவிட எளிது. காதின் பின்புறத்தில் தடித்து ஓடும் இரத்தக் குழாயில் மாற்று மருந்து. இரண்டு மூன்று நிமிடத்தில் தலை தூக்கி, உடம்பை ஆட்டி எழுந்துவிடும்.

யானைக்கு உள்ள இந்தச் சௌகரியம் எல்லா விலங்குக்கும் இல்லை. ஒட்டகச்சிவிங்கியை மயக்கத்தில் வைத்திருக்கவே முடியாது என்று சொல்லலாம். மனிதனைப் போல இரண்டு மடங்கு இரத்த அழுத்தம், அவ்வளவு நீளக் கழுத்து, இரைப்பையில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலை அடைக்கும் அபாயம். எனவே அதிக அளவு எட்டோர்ஃபின் போட்டு, கயிறு கொண்டு வீழ்த்தி, விழுந்த நொடியிலேயே மாற்று மருந்தும் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு அது விழித்துக்கொண்டுதான் இருக்கும். கண்ணைக் கட்டி, தலையிலும் கழுத்திலும் ஆட்கள் அமர்ந்து அழுத்திக்கொள்ள, அந்தச் சில நிமிடங்களில், உடம்பில் மாட்டிய வேட்டைச் சுருக்குக் கம்பியை வெட்டி எடுக்கிறார்கள். சிங்கத்துக்கு மருந்து வேறு. அதை முழுக்க முறிக்கும் மாற்று மருந்து கிடையாது. ஆதலால் அது தள்ளாடி எழுந்து நடக்கும் வரை மணிக்கணக்கில் காவல் இருக்க வேண்டும், கழுதைப்புலியும் வேறு சிங்கங்களும் வந்துவிடாமல். மான், வரிக்குதிரை போன்றவற்றைத் துரத்தி ஊசி போட்டால், சிகிச்சை நன்றாக முடிந்து அது ஓடிப்போன பிறகுகூடத் தசைகள் சிதைந்து சில நாளிலோ சில வாரத்திலோ செத்துப்போகக் கூடும். வைத்தியரின் கண்ணுக்கு அந்தச் சாவு பெரும்பாலும் தெரிவதே இல்லை.

இதெல்லாம் ஒரு முறை படுக்கவைப்பதற்கான விலை. இந்த விலையை மனதில் வைத்துக்கொண்டுதான் நான்கு வழிகளையும் பார்க்க வேண்டும்.

அப்படியே விட்டுவிடுவது

முதல் வழிதான் வெளியாருக்கு மிகவும் கொடுமையாகத் தெரிவது. சிங்கத்தை எருமை குத்தித் தொடை கிழிந்திருக்கிறது, சுற்றுலா வண்டியில் இருப்பவர்கள் அழுகிறார்கள், வனத்துறை பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆப்பிரிக்கத் தேசியப் பூங்காக்கள் பலவற்றில் பொது விதி இதுதான்: மனிதரால் வந்த காயத்துக்கு வைத்தியம் உண்டு, காட்டின் போக்கில் வந்த காயத்துக்கு இல்லை. சுருக்குக் கம்பி, விஷ அம்பு, ஈட்டி, தோட்டா, வண்டி மோதியது, இவை முதல் வகை. இரண்டு ஆண் யானைகள் தந்தத்தால் குத்திக்கொண்டது இரண்டாம் வகை.

இந்த விதியை நான் முழு மனதோடு ஏற்கிறேன். எருமைக் கொம்பில் மாட்டிய சிங்கத்தைக் காப்பாற்றினால், அதே மாலையில் அது கொல்லப்போகும் எருமைக் கன்றுக்கு என்ன பதில்? காட்டில் இரு பக்கமும் உயிர்தான். ஆனால் கம்பி காட்டில் விளைந்ததில்லை. அதை நாம் வைத்தோம். எடுக்கும் கடமையும் நமக்குத்தான்.

விதிக்கு விலக்கு உண்டு. எண்ணி எண்ணிக் காக்க வேண்டிய இனமாக இருந்தால் யார் காயப்படுத்தினார்கள் என்று பார்க்காமல் உயிர் போகும் நிலைமையில் கைவைக்கிறார்கள். மலைக் கொரில்லாக்கள் விஷயத்தில் அப்படி. அதற்குக் கீழே வருகிறேன்.

இந்த முதல் வழியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனிதரால் வந்த காயமாக இருந்தாலும் விட்டுவிடுவது சரியாக இருக்கும் சமயங்கள் உண்டு. யானை நன்றாக மேய்கிறதா, நான்கு காலையும் ஊன்றுகிறதா, கூட்டத்தோடு சேர்ந்து போகிறதா, தண்ணீருக்கு வருகிறதா என்று பார்த்து, ஆழமில்லாத ஈட்டிக் காயம் என்றால், தொட வேண்டியதில்லை. யானைக்கு ஆறும் சக்தி அதிகம். உகாண்டாவின் புடோங்கோ காட்டில் சுருக்கில் மாட்டிக் கை, விரல் இழந்த சிம்பன்சிகள் நிறைய இருக்கின்றன. அவை உயரமான மரங்களில் ஏறி, இருக்கும் விரல்களால் அத்தி பறித்துச் சாப்பிட்டு, குட்டி போட்டு வாழ்கின்றன. மரத்தின் மேல் இருக்கும் சிம்பன்சிக்கு ஊசி போட்டால் அது இருபது முப்பது அடி உயரத்திலிருந்து விழும். பழைய காயத்துக்காக அந்த ஆபத்தை வாங்க வேண்டுமா?

புதிய காயம் என்றால் கதை வேறு. ருவாண்டாவில் 2012-ல் ங்வினோ என்ற கொரில்லாக் குட்டி, மான் பிடிக்க வைத்த கயிற்றுச் சுருக்கில் மாட்டிக்கொண்டது. கண்டுபிடிக்கும்போது நேரம் கடந்துவிட்டிருந்தது. தோள் நழுவி, கயிறு அறுத்த கால் அழுகிப்போய், அது இறந்துவிட்டது. சில நாள் கழித்து அதே குடும்பத்தைச் சேர்ந்த ருவேமா, டுகோரே என்ற இரண்டு இளம் கொரில்லாக்கள் காட்டில் வைத்திருந்த சுருக்குகளைத் தாமே பிரித்துப்போட்டதை வனப் பணியாளர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ‘விட்டுவிடுவது’ என்ற சொல் சுலபமாக வாயில் வருவதில்லை.

இருக்கும் இடத்திலேயே ஒரு முறை

இரண்டாவது வழிதான் ஆப்பிரிக்கக் களத்தில் அதிகமாக நடப்பது, என் பார்வையில் அதிகமாக நடக்க வேண்டியதும் அதுதான். 2003-ல் கென்ய வனவிலங்குச் சேவையும், அநாதை யானைகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையும் சேர்ந்து சாவோவில் ஒரு நடமாடும் மருத்துவப் பிரிவைத் தொடங்கின. மருத்துவர் அரசு ஆள். வண்டி, மருந்து, செலவு அறக்கட்டளையுடையது. பின்னால் மாரா, மேரு, அம்போசெலி என்று அந்த ஏற்பாடு விரிந்தது. தொலைவான இடங்களுக்கு மருத்துவரை விமானத்தில் கொண்டுபோய் இறக்கும் வசதியும் வந்தது.

இங்கே செய்யும் வைத்தியம் ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு நேர் எதிரான ஒரு புத்தியைக் கேட்கிறது. மறுபடி பார்க்கவே மாட்டோம் என்று நினைத்துச் செய்ய வேண்டும். நாளை கட்டுப் பிரிக்க முடியாது. மாத்திரை கொடுக்க முடியாது. தையல் போட்டால் உள்ளே சீழ் கட்டும், வெளியேற வழியில்லாமல் போகும். ஆகவே தையல் இல்லை. கம்பியை வெட்டி எடுத்து, அழுகிய சதையைச் சுரண்டி, ஹைட்ரஜன் பெராக்சைடும் அயோடினும் ஊற்றிக் கழுவி, காயத்தைத் திறந்தே விடுகிறார்கள். கென்யாவில் அதன் மேல் பச்சைக் களிமண்ணை அப்புகிறார்கள். ஈயையும் அழுக்கையும் தடுத்து, உள்ளிருந்து சதை வளர விடுகிறது. பல நாள் உடம்பில் தங்கி வேலை செய்யும் நுண்ணுயிர்க்கொல்லி ஓர் ஊசி, வலிக்கும் வீக்கத்துக்கும் ஓர் ஊசி. அவ்வளவுதான். அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் யானை எழுந்து போய்விடும்.

சாவோவில் பழைய முறை விஷ அம்பும் உண்டு. அகோகாந்தெரா மரத்திலிருந்து காய்ச்சி எடுக்கும் அந்த விஷம் இதயத்தைத் தாக்குவது. புதிதாகக் காய்ச்சிய விஷம் ஆழமாக இறங்கினால் மருத்துவருக்கு வேலையே இருக்காது. 2014-ல் சாவோவின் பெருந்தந்த யானை சட்டாவோ விஷ அம்பால்தான் இறந்தது. விஷம் பழையதாகவோ அம்பு மேலோட்டமாகவோ இருந்தால் சீழ்க்கட்டிகளோடு யானை அலையும். அப்படிக் காயத்தோடு அலையும் காட்டு ஆண் யானைகள், அறக்கட்டளை வளர்த்த அநாதை யானைகள் இருக்கும் இத்தும்பாவுக்குத் தாமாகவே வந்து நின்றதும் உண்டு. அங்கே தண்ணீர் இருக்கிறது, பழகிய யானைகள் இருக்கின்றன. உதவி கேட்டு வந்தது என்று சொல்வது நம் ஆசையாக இருக்கலாம். வந்தது என்பது உண்மை.

இந்த வழியின் பலம் எங்கே முழுதாகத் தெரிகிறது என்றால் கூட்டமாக வாழும் விலங்குகளில். ஆப்பிரிக்கக் காட்டுநாயை எடுத்துக்கொள்ளுங்கள். காயம்பட்டு வேட்டைக்கு வர முடியாத நாய்க்கு மற்றவை இரையைக் கொண்டுவந்து கக்கிக் கொடுக்கும். அந்தக் கூட்டத்திலிருந்து நீங்கள் அதை நீண்ட நாள் பிரித்துவிட்டால், அதற்கு இருக்கும் மிகச் சிறந்த நோயாளி கவனிப்பைப் பறித்துவிடுகிறீர்கள். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பகுதியில் காட்டுநாய்களுக்கு மாட்டும் கழுத்துப் பட்டைகளில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள்: சுருக்கு விழுந்தால் கழுத்தை அறுக்காமல் மாட்டிக்கொள்ளும்படி உலோகத் துருத்தல்கள். படுக்கவைக்க வேண்டிய தேவையே பாதியில் நின்றுவிடுகிறது.

கொரில்லாவிடம் வருவோம். கொரில்லா ஆய்வாளர் டயன் ஃபாஸி கேட்டுக்கொண்டதன் பேரில் ருவாண்டாவில் கொரில்லாக்களுக்கென்றே ஒரு கால்நடை மருத்துவத் திட்டம் 1986-ல் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் உயிரோடில்லை. 1985 டிசம்பரில் கொல்லப்பட்டிருந்தார். இன்று ‘கொரில்லா டாக்டர்ஸ்’ என்ற பெயரில் ருவாண்டா, உகாண்டா, கொங்கோ ஜனநாயகக் குடியரசு மூன்றிலும் அது இயங்குகிறது. மலைமேல், மழையில், மூங்கில் புதருக்குள், குடும்பம் முழுதும் சுற்றி இருக்கும்போது வைத்தியம். குட்டியின் கையில் சுருக்கு என்றால் தாயையும் சேர்த்து மயக்க வேண்டும். கூட்டத் தலைவனான வெள்ளிமுதுகு ஆண் பாய்ந்து வராமல் தடம் பார்ப்பவர்கள் வரிசையாக நின்று மறிப்பார்கள். முகக்கவசம் கட்டாயம், நம் சளி அதற்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் உயிரைப் பணயம் வைக்கும் காரியம்.

பலன் இருக்கிறதா? இதற்கு எண்ணிக்கையில் பதில் சொல்ல முடிகிற அரிய இடம் இது. 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று, விருங்கா மலைத்தொடரில் மனிதருக்குப் பழகி அன்றாடம் கண்காணிக்கப்படும் கொரில்லாக் குடும்பங்கள் ஆண்டுக்கு 4.1 சதவீதம் பெருகியதாகவும், பழகாதவை 0.7 சதவீதம் குறைந்ததாகவும் காட்டியது. அந்த வித்தியாசத்தில் 40 சதவீதம் வரை மருத்துவத் தலையீட்டால் வந்திருக்கலாம் என்று கணித்தார்கள். 2018-ல் மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாக அறிவித்தார்கள். தனி விலங்குக்குச் செய்யும் வைத்தியம் இனத்துக்கு உதவாது என்று அடித்துச் சொல்கிறவர்கள் இந்த மலையைப் பார்க்க வேண்டும். ஆனால் சுமார் நான்கு லட்சம் யானைகள் உள்ள கண்டத்தில் ஒரு யானையின் காலைக் காப்பாற்றுவது இனத்தைக் காப்பாற்றுவது ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே காரணம் வேறு. நாம் வைத்த கம்பி அது.

ஏற்றிக்கொண்டு போவது

மூன்றாவது வழிதான் கேட்பதற்கு மிகவும் அன்பானது. களத்தில் மிகவும் தயங்க வைப்பதும் அதுவே.

பால் குடிக்கும் யானைக்குட்டி ஒன்று தாயை இழந்து நின்றால் வேறு வழியில்லை. ஏற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு வயதுக்குள் பாலில்லாமல் பிழைக்காது. நைரோபி பராமரிப்பு நிலையத்தில் பராமரிப்பாளர்கள் இரவில் குட்டியோடு படுத்து உறங்குகிறார்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புட்டிப்பால். பின்னர் சாவோவுக்குக் கொண்டுபோய், பல ஆண்டுகளில் படிப்படியாகக் காட்டு யானைகளோடு சேரவிடுகிறார்கள். அறக்கட்டளையைத் தொடங்கிய டாஃப்னி ஷெல்ட்ரிக் பல பத்தாண்டு முயன்று செம்மைப்படுத்திய வழி இது. இதை யாரும் குறை சொல்ல முடியாது.

வளர்ந்த விலங்கு என்றால்தான் சிக்கல். விலங்கை அடைத்து வைக்கும் பட்டியைத் தென்னாப்பிரிக்காவில் ‘கிரால்’ என்பார்கள். அதே வேர்ச்சொல்தான் முதுமலைப் பக்கம் ‘கரால்’ ஆகி நமக்கும் தெரியும். கிழக்கு ஆப்பிரிக்காவில் ‘போமா’ என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும், முழு வளர்ச்சியடைந்த காட்டு யானையைப் புண் ஆறுவதற்காக அதற்குள் பல வாரம் வைத்திருப்பது அதற்குச் சித்திரவதை. காண்டாமிருகம் ஓரளவு பழகிக்கொள்ளும். பல போமாவில் சில வாரத்தில் தீனி எடுக்க ஆரம்பிக்கும். அதிலும் எதிர்பாராதது வரும். 2018-ல் சாவோ கிழக்குக்கு இடம் மாற்றிய 11 கருப்புக் காண்டாமிருகங்களும் இறந்துபோயின. பெரும்பாலானவை சாகக் காரணம், புது இடத்தில் குடிக்க வைத்த தண்ணீரில் இருந்த மிகுதியான உப்பு. அவை நோயாளிகள்கூட இல்லை, நல்ல உடல்நிலையில் வந்தவை. ஒரு விலங்கை அடைத்து வைத்த நிமிடத்திலிருந்து அதன் தண்ணீர், தீனி, நிழல், அச்சம் எல்லாவற்றுக்கும் நாமே பொறுப்பாகிவிடுகிறோம். காட்டில் அது பார்த்துக்கொண்டிருந்த வேலை அத்தனையும்.

பயணமே ஓர் ஆபத்து. நமீபியாவில் கருப்புக் காண்டாமிருகங்களைக் கால்களைக் கட்டித் தலைகீழாக ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு மலையிலிருந்து இறக்குகிறார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். அளந்து பார்த்ததில் பக்கவாட்டில் கிடத்துவதைவிட மூச்சுக்கு அது மோசமில்லை என்று தெரிந்தது.

இனி என் கணக்குக்கே சவாலாக நிற்கும் ஒரு கதை. 2012 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்தில், கரியேகா காப்பகத்தில், மூன்று வெள்ளைக் காண்டாமிருகங்களை மயக்கி, உயிரோடு கொம்பை வெட்டி எடுத்துப்போனார்கள். ஒன்று அன்றிரவே இறந்தது. தேம்பா என்ற ஆண் 24 நாள் போராடி இறந்தது. தாண்டி என்ற பெண் பிழைத்தது. மருத்துவர் வில்லியம் ஃபவுல்ட்ஸும் உடனிருந்தவர்களும் அதை வேறெங்கும் கொண்டுபோகவில்லை. அதன் காட்டிலேயே வைத்து, திரும்பத் திரும்பப் படுக்கவைத்து, முகத்தில் தோல் ஒட்டும் அறுவைச் சிகிச்சைகள்வரை செய்தார்கள். வெள்ளைக் காண்டாமிருகத்துக்கு எட்டோர்ஃபின் போட்டால் இரத்தத்தில் பிராணவாயு அபாயகரமாகக் குறையும். ஒவ்வொரு முறையும் ஒரு சூதாட்டம். 2015 ஜனவரியில் தாண்டி கன்று ஈன்றது. தெம்பி என்று பெயர் வைத்தார்கள். ஹோசா மொழியில் நம்பிக்கைக்கும் சொல் அந்த வேரில்தான்.

அதே 2015-ல் ஹோப் என்ற இன்னொரு பெண் காண்டாமிருகம். கொம்போடு முகத்தின் மேல் பாதியே போயிருந்தது. அதை வேறிடம் கொண்டுபோய் அடைப்பில் வைத்து, யானைத் தோலை மூடியாக வைத்துக் கட்டுவது உட்பட, ‘சேவிங் தி சர்வைவர்ஸ்’ மருத்துவர்கள் புதிது புதிதாக வழி கண்டார்கள். ஒன்றரை ஆண்டு தாக்குப்பிடித்து, 2016 நவம்பரில் இறந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, களமே மேல் என்று சொல்லிவிட முடியாது. ஹோப்பின் காயம் அவ்வளவு கொடியது. ஆனால் பல முறை படுக்கவைத்தே ஆக வேண்டும் என்று வரும்போதுகூட, முடிந்தவரை அதன் மண்ணிலேயே வைத்துக்கொள் என்று தாண்டி எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்ததும் அது தனக்குத் தெரிந்த புல்லுக்குத்தான் போனது.

சுடுவது

நான்காவது வழியைப் பற்றிப் பேசவே பலருக்குப் பிடிக்காது. பேசியாக வேண்டும்.

இங்கே முடிவெடுப்பது எடை. கால் எலும்பு முறிந்த வளர்ந்த யானை, ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், இவற்றுக்கு மூன்று காலில் வாழ்க்கை கிடையாது. மாவுக்கட்டு நிற்காது, படுத்தே கிடந்தால் தன் எடையே தசையைக் கொல்லும். நாள் கடத்துவது நம் மனதை ஆற்றிக்கொள்ளத்தான். எடை குறைந்த, தின்னும் முறை வேறான விலங்குக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. உகாண்டாவின் ராணி எலிசபெத் பூங்காவில் ஜேக்கப் என்ற சிங்கம் 2020-ல் இரும்புப் பொறியில் மாட்டி ஒரு பின்னங்காலை இழந்தது. மருத்துவர்கள் காலை எடுத்துவிட்டுக் காட்டிலேயே விட்டார்கள். பலர் அன்று, இது வேட்டையாட முடியாது, முடித்துவிடுங்கள் என்றிருப்பார்கள். 2024 பிப்ரவரியில் ஜேக்கப் தன் சகோதரன் திபுவோடு, முதலையும் நீர்யானையும் நிறைந்த கஸிங்கா கால்வாயை இரவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீந்திக் கடந்தது. வெப்பக் கேமராவில் அது பதிவானது. பெண் சிங்கங்களைத் தேடிப் போயிருக்கும் என்றார்கள் ஆய்வாளர்கள்.

சுடுவது என்று முடிவானால் ஏன் ஊசி இல்லை, ஏன் துப்பாக்கி? நாய், குதிரைக்குப் போடும் பார்பிட்யூரேட் ஊசியை யானைக்குப் போட்டால், அந்தச் சடலத்தைத் தின்னும் பாறுக் கழுகுகளும் கழுதைப்புலிகளும் செத்துவிழும். மயக்கத்தில் இருக்கும்போதே இறந்துபோன விலங்கையும் எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும், எட்டோர்ஃபின் இறைச்சியில் இருப்பதால். விஷம் தோய்ந்த ஒரு சடலம் என்ன செய்யும் என்பதற்கு 2019-ல் போட்ஸ்வானாவே சாட்சி: வேட்டைக்காரர்கள் விஷம் வைத்த யானைச் சடலங்களைத் தின்று 537 பாறுகள் மாண்டன. டைக்ளோஃபினாக் என்ற மாட்டு மருந்தால் பாறுகளை அநேகமாகத் துடைத்தழித்த நாடு நம்முடையது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்யும்வரை நடந்தது நமக்குத் தெரியும். ஆகவே உயிரோடு எழுப்பிவிடும் விலங்குக்குப் போடும் வலி மருந்தும் மெலாக்சிகாம் போலப் பாறுகளைக் கொல்லாததாக இருக்க வேண்டும். காட்டு மருத்துவருக்கு நோயாளி ஒன்றல்ல. அதைத் தின்னப் போகிறவையும் சேர்ந்துதான்.

இனி அந்தச் சாவோ யானைக்குத் திரும்பினால், நான் எடுக்கும் முடிவு இது. வீக்கத்துக்குக் காரணம் கம்பி என்று தெரிந்தால், கால் எலும்பு முறியாமல் இருந்தால், அன்றே, வெயில் ஏறும் முன், ஒரே முறை படுக்கவைத்து முழு வேலையையும் முடிப்பேன். பத்து நாள் கழித்துத் தேடிப் பார்ப்பேன். சீழ் குறையவில்லை என்றால் இரண்டாம் முறை. மூன்றாம் முறை என்ற பேச்சு வந்தால் நிறுத்தி யோசிப்பேன். ஒட்டகச்சிவிங்கி என்றால் கம்பி சதைக்குள் இறங்கியிருந்தால் மட்டும் கைவைப்பேன். தளர்வாகத் தொங்கினால் சில நாள் பார்ப்பேன். சிங்கம், சிறுத்தை, காட்டுநாய் கழுத்தில் கம்பி என்றால் தாமதிக்கவே மாட்டேன், இரை விழுங்கும் ஒவ்வொரு தடவையும் அது இறுகும். காண்டாமிருகத்துக்குப் பல முறை வேண்டும் என்றால் அதன் மண்ணில் வைத்து முயல்வேன். கால் முறிந்த யானையைச் சுடச் சொல்வேன், அதை அன்றைக்கே செய்யச் சொல்வேன்.

மசாய் மாராவுக்கும் அம்போசெலிக்கும் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இப்போது கணிசம். வண்டியிலிருந்து அப்படியொரு விலங்கைப் பார்த்தால் உங்கள் கையிலும் இந்த முடிவின் ஒரு பகுதி இருக்கிறது. மருத்துவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகலாம். அதற்குள் விலங்கு புதருக்குள் மறைந்துவிடும், திரும்பத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். முதலில் ஓட்டுநரிடம் சொல்லி வனத்துறைக்குத் தகவல் போகச் செய்யுங்கள். இரு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள், காயம் மட்டுமல்லாமல் நான்கு காலும் தெரியட்டும், நடக்கும்போது சில வினாடி காணொளியும் இருக்கட்டும். அது எப்படிக் கால் வைக்கிறது என்பதிலிருந்துதான் மருத்துவர் மருந்தின் அளவையே யோசிக்க ஆரம்பிப்பார். பின்தொடர்ந்து விரட்டாதீர்கள். முடிந்தால் ஒரு வண்டி தொலைவிலேயே நிற்கட்டும், இயந்திரத்தை அணைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை கண்ணை எடுக்காமல்.